இருபது தோற்றது! ஐந்து வென்றது!
சம பங்காகக் கலந்த உலோகங்களின் அதிசயம்

செம்புடன் துத்தநாகத்தைச் சேர்த்தால் பித்தளை. செம்புடன் வெள்ளீயத்தைச் சேர்த்தால் வெண்கலம். இவற்றில் செம்புதான் எஜமான். மற்றது துணைக்கு வருவது.

எஜமானே இல்லாமல், பல உலோகங்களைச் சம பங்காக உருக்கிச் சேர்த்தால் என்ன ஆகும்?

இங்கிலாந்து விஞ்ஞானி பிரையன் கேன்டர் இதைச் சோதித்துப் பார்க்க விரும்பினார். 1981-ம் ஆண்டில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஒருவருடன் வேலையைத் தொடங்கினார். 20 பொருள்கள். ஒவ்வொன்றும் நூற்றுக்கு 5 பங்கு.

கிடைத்தது என்ன? எளிதில் நொறுங்கும் கட்டி!

ஆனால், அந்தக் கட்டியில் ஒரு பகுதியில் மட்டும் இரும்பு, நிக்கல், கோபால்ட், குரோமியம், மாங்கனீஸ் ஆகிய ஐந்தும் மிகுதியாகச் சேர்ந்திருந்தன. அந்த ஐந்தை மட்டும் சம பங்காகக் கலந்தார்கள். ஒரே சீரான உலோகம் கிடைத்தது!

2004-ம் ஆண்டில்தான் இந்த முடிவு வெளியாயிற்று. அதே ஆண்டில் தைவான் பேராசிரியர் ஜியன்-வெய் யே தம்முடைய ஆராய்ச்சியை வெளியிட்டார். இத்தகைய உலோகத்துக்கு "உயர் என்ட்ரோபி கலவை" என்று பெயர் சூட்டினார். அணுக்கள் எவ்வளவு கலைந்து கிடக்கின்றன என்பதைக் காட்டும் அளவுதான் என்ட்ரோபி.

அலுமினியம் செய்த மாற்றம்

செம்பு, கோபால்ட், குரோமியம், இரும்பு, நிக்கல் ஆகியவற்றின் கலவையில் யே குழுவினர் அலுமினியத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினார்கள். அலுமினியம் இல்லாதபோது கடினம் 133. மற்ற ஒவ்வொன்றையும் போல மூன்று பங்கு அலுமினியம் சேர்ந்தபோது 655! வைர முனையால் அழுத்திப் பார்க்கும் அளவு இது.

காரணம் என்ன?

உலோகத்துக்குள் அணுக்கள் பெட்டி பெட்டியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பெட்டியின் மூலைகளிலும், ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் அணு இருந்தால், அடுக்குகள் எளிதில் வழுக்கும். உலோகம் வளையும். அலுமினிய அணு உருவத்தில் பெரியது. அது கூடக்கூட அடுக்கு மாறுகிறது. மூலைகளிலும், பெட்டியின் நட்ட நடுவிலும் அணு இருக்கும் அமைப்பு உண்டாகிறது. அடுக்குகள் வழுக்குவது கடினமாகிறது. உலோகம் உறுதியாகிறது, ஆனால் வளையாமல் உடையவும் தொடங்குகிறது.

2013-ல் இன்னொரு சோதனை வெளியாயிற்று. கேன்டரின் ஐந்தில் ஏதேனும் ஒன்றை எடுத்துவிட்டு வேறு உலோகத்தைச் சேர்த்தார்கள். எண்ணிக்கை அதே ஐந்துதான். ஆனால் ஒன்றுகூட சீராக அமையவில்லை!

குளிரில் கூடும் வலிமை

சாதாரண உருக்கு கடுங்குளிரில் நொறுங்கும். கேன்டரின் கலவையோ, பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிரில் முன்னிலும் உறுதியாகிறது. முன்னிலும் அதிகமாக நீள்கிறது. 2014-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் இதைக் கண்டார்கள். 2022-ல் குரோமியம், கோபால்ட், நிக்கல் மூன்றும் சேர்ந்த கலவையை, பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரியில் சோதித்தார்கள். விரிசலை அது தாங்கிய திறம் அதுவரை பதிவானவற்றில் மிக உயர்ந்தவற்றுள் ஒன்று.

கோபால்ட் விலை அதிகம். அதனால் வீட்டுப் பாத்திரத்துக்கு இது வராது. திரவ வாயுவை அடைக்கும் தொட்டி போன்ற, உடைந்தால் உயிருக்கு ஆபத்தான இடங்களுக்கு இத்தகைய உலோகம் உதவும் என்பது விஞ்ஞானிகளின் நம்பிக்கை.