இணைய நெருக்கடியும் ஒரு திருத்தமும்

சிலாவத்துறைக் கடலில் முத்துக்குளிப்பு நடைபெற்ற நாட்களிலே, குளிப்போன் கல்லின் பாரத்தால் கடலடி சேர்ந்து, சிப்பிகளைத் திரட்டியபின் கயிற்றை அசைப்பான். தோணியில் இருப்பவன் உடனே இழுப்பான். அசைவு வாராதாயின் எத்துணை நேரம் பொறுப்பது? முந்தினால் குளித்தவன் வெறுங்கையோடு மேலே வருவான்; பிந்தினால் உயிருக்கே ஆபத்து. ஒரு காலத்தில் இணையம் தடுமாறி நின்றதும் இவ்வினாவுக்குச் சரியான விடை காணாமையினாலேயாம்.

கணினியின் இயங்குதளத்துக்கு நடுவே 'கேர்ணல்' எனப்படும் கருவொன்று உண்டு. ஏனைய நிரல்கள் யாவும் அதனை நம்பியே இயங்குவன. செய்தியைச் சிறு பொதிகளாகப் பிரித்து அனுப்புதல், 'கிடைத்தது' என்னும் விடையை எதிர்நோக்குதல், விடை வாராதவிடத்து மறுபடி அனுப்புதல் ஆகியனவும் அக்கருவின் கடமைகளே. இவற்றுக்கான விதித்தொகுதியை ரி.சி.பி. என்பர், 1981 இல் அது வரையறை பெற்றது.

1986 ஒக்ரோபரில், அமெரிக்காவின் லோறன்ஸ் பேர்க்கிளி ஆய்வுகூடத்துக்கும் பேர்க்கிளிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே தரவோட்டம் திடீரெனத் தளர்ந்தது. இடைத்தூரம் 400 யார் மாத்திரமே. செக்கனுக்கு 32,000 பிட் சென்ற பாதையில் 40 பிட்டே சென்றது. அதாவது 800 இல் ஒரு பங்கு! கம்பி அறுந்திலது, பொறியும் பழுதுபட்டிலது. ஆய்வுகூடத்தைச் சேர்ந்த வான் ஜேக்கப்சன், பல்கலைக்கழகத்து மைக்கேல் கேரல்சுடன் சேர்ந்து, பேர்க்கிளி யுனிக்சு இயங்குதளத்தின் கருவையே ஆராயத் தலைப்பட்டார்.

அவர்கள் கண்டது இது. பாதையில் நெரிசல் உண்டாகவே விடைகள் தாமதமாகின. பொதி தொலைந்ததென்று எண்ணிய கணினி, வரிசையிலே காத்துநின்ற பொதியையே மீண்டும் அனுப்பிற்று. அதனால் வரிசை நீண்டது, விடை மேலும் தாமதித்தது, மறுபடியும் அனுப்பிற்று. தனித்துச் சோதித்தால் எந்தக் கணினியும் குற்றமற்றதாகவே தோன்றும். பல கணினிகள் ஒரே பாதையிற் கூடியபோதே பிழை வெளிப்பட்டது. இத்தகைய பிழையைத் தேடிப்பிடித்தல் எளிதன்று என்பதை, மென்பொருட்டுறையிற் பணிபுரியும் நம் பழைய மாணவர் நன்கறிவர்.

திருத்தம் வியக்கத்தக்க அளவு சிறிது. முன்னர் விடை வந்துசேரும் சராசரி நேரத்தைக் கணித்து, அதனை இருமடங்காக்கிப் பொறுத்திருந்தனர். புதிய நிரலோ அந்நேரம் எவ்வளவு கூடியும் குறைந்தும் வருகின்றது என்பதையும் அளந்தது. அமைதியான நாளில் சற்றே பொறுத்தாற் போதும். கொந்தளிக்கும் நாளில் நெடுநேரம் பொறுத்தல் வேண்டுமன்றோ? அன்றியும், தொடக்கத்திலே ஒரு பொதியை மாத்திரம் அனுப்பி, விடைகள் வரவரத் தொகையைப் பெருக்குமாறும், பொதி தொலையின் தொகையைப் பாதியாக்குமாறும் விதி செய்தனர். 1988 இல் பேர்க்கிளி யுனிக்சின் 'ராகோ' வெளியீட்டுடன் இத்திருத்தங்கள் பரவின. அவ்வாண்டிலேயே கே. கே. ராமகிருஷ்ணன், ராஜ் ஜெயின் என்னும் இந்தியர் இருவர், நெரிசலைப் பாதையே முற்கூட்டி அறிவிக்கும் வேறொரு முறையை வெளியிட்டமையும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

தொலைந்த பொதிகளை விரைந்து மீட்பதற்கென 1996 இல் வகுக்கப்பட்ட வேறொரு விதியோ, பிற்காலத்தில் இடருக்கு வாயிலாயிற்று. 2019 யூனில், நெற்பிளிக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜொனதன் லூனி, லினக்சுக் கருவில் ஒரு குறையைக் கண்டமை வெளியாயிற்று. அனுப்பிய துண்டுகளை எண்ணும் இடம் 65,535 வரையே கொள்ளும். எதிரி ஒருவன் துண்டொன்றில் 8 பைற் மாத்திரம் செல்லுமாறு சூழ்ச்சி செய்தால், 17 பகுதிகளில் ஒவ்வொன்றிலும் 32 கிலோபைற் நிறைந்திருக்கையில் எண்ணிக்கை 69,632 ஆகிவிடும். கணக்குப் பிறழ்ந்ததைக் கண்ட கரு செயலற்று நிற்கும்; அதனோடு முழுக் கணினியும் நிற்கும். எண்ணிக்கை அவ்வெல்லையைக் கடவாதபடி துண்டுகள் ஒன்றுசேர்வதைத் தடுத்தலே முதன்மையான திருத்தமாயிற்று.

இன்று சிலாவத்துறையில் மீனவர் கையிலிருக்கும் அன்ட்ரொயிட் தொலைபேசியும் லினக்சுக் கருவினாலேயே இயங்குவது. வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பும் செய்தியும் அதன் வழியே வந்தடைகின்றது. ஆயின், உலகின் எங்கோ ஒரு மூலையில் எழுதப்பட்ட திருத்தம் அத்தொலைபேசியை அடைவதற்கு, அதனைச் செய்து விற்றவர் மனங்கொள்ளல் வேண்டும். விலை குறைந்த தொலைபேசிகளுக்கு இரண்டொரு ஆண்டிற்குப்பின் திருத்தம் எதுவும் வாராது நின்றுவிடுதல் பெருவழக்கு. திருத்தம் எழுதியவர் தம் வேலையை முடித்து நெடுநாளாகியிருக்கும். பிழையோ இக்கரையில் இன்னும் சட்டைப்பையிலேயே கிடக்கும்.