நொதி உண்டு, நொதித்தல் இல்லை

ரிங்லெட் வட்டாரத்தில் 1929இல் தோன்றிய ‘போ’ தோட்டத்துப் பச்சைக் கொழுந்து, ஆலையில் உருட்டப்பட்டபின் செம்பழுப்பாகிறது. இதனை ‘நொதித்தல்’ என்கிறோம். மாவைப் புளிக்க வைப்பன நுண்ணுயிர்கள், அதுவே நொதித்தல். இங்கோ அவற்றுக்கு வேலையில்லை.

உருட்டும்போது இலையின் உயிரணுக்கள் உடைகின்றன. தனித்திருந்த கேட்டச்சினும் நொதியும் கலக்கின்றன. நொதியின் துணையால், காற்றிலுள்ள உயிர்வளி கேட்டச்சினின் ஹைட்ரஜனைக் கவர்ந்து அதனைக் குயினோனாக்குகிறது. எலக்ட்ரான் குறைந்த குயினோன் வினைத்திறன் மிக்கது. இருவகைக் குயினோன்கள் இணையத் தியாஃபிளேவின் என்னும் செம்மஞ்சள் நிறப்பொருள் பிறக்கிறது. கொழுந்தை முதலிலேயே ஆவியில் வாட்டினால் நொதி செயலிழக்கும். இலை பச்சையாகவே நிற்கும். பசுந்தேயிலை அவ்வாறு உருவாவதே.

ஆகவே ‘உயிர்வளியேற்றம்’ என்பதே பொருத்தமான சொல். வினைவழியை மறைக்கும் கலைச்சொல் மாணவரை வழிதவறச் செய்யும். சொல்லைத் திருத்துவதும் அறிவியல் கற்பித்தலே.