அணுவை எடுத்து அணுவருகே வைத்தல்

அணு என்னும் சொல் நம் மாணவர்களுக்குப் புதியதன்று. "அணுவளவும் அசையமாட்டான்" என்று வீட்டிலேயே சொல்லக் கேட்டிருப்பார்கள். எனினும், ஓர் அணுவைத் தனியே எடுத்து நாம் விரும்பிய இடத்தில் வைக்க முடியும் என்றால் பெற்றோரும் சற்றுத் தயங்கியே நம்புவர். 1803ஆம் ஆண்டின் இறுதியில் ஜோன் டால்ற்றன் விரிவுரையாற்றுவதற்காக இலண்டன் றோயல் இன்ஸ்ரிரியூஷனுக்கு வந்தபோது, அணு என்பது இரசாயனக் கணக்குகளை விளக்க உதவிய ஒரு கருத்தாகவே இருந்தது. அதனைக் கண்டவர் எவருமிலர். இன்றோ, யூஸ்ரன் புகையிரத நிலையத்திலிருந்து சில நிமிடங்கள் நடந்தால் எட்டக்கூடிய கோர்டன் வீதியில், யூனிவர்சிற்றி கொலிஜும் இம்பீரியல் கல்லூரியும் இணைந்து அமைத்த இலண்டன் நனோதொழினுட்ப நிலையத்தில், அணுக்களை ஒவ்வொன்றாக இடம் பார்த்து வைக்கின்றார்கள்.

இது எவ்வாறு இயலும்? சாதாரண நுணுக்குக்காட்டியால் அணுவைக் காண இயலாது. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஓர் அணுவின் விட்டத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேற்பட்டது. கடலலை ஒரு மணற்பருக்கையின் வடிவத்தைக் காட்டாததுபோல, ஒளியலையும் அணுவைக் காட்டாது. ஆகவே பார்ப்பதை விட்டுத் தடவி அறியும் வழியை விஞ்ஞானிகள் தேடினர். 1981இல் சுவிற்சர்லாந்தில், சூரிச் நகருக்கு அருகிலுள்ள ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில், கேர்ட் பின்னிக், ஹைன்றிச் றோறர் ஆகிய இருவரும் அதற்கான கருவியைச் செய்து முடித்தனர். ஸ்கானிங் ரனலிங் மைக்கிரஸ்கோப் என்பது அதன் பெயர். 1986இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

அக்கருவியின் உயிர்நாடி ஓர் ஊசி. அதன் நுனியில் ஓரணுவே துருத்தி நிற்கும். அவ்வூசியை உலோகப் பரப்பொன்றின்மேல், தொட்டும் தொடாததுமாக, ஒரு நனோமீற்றருக்கும் குறைந்த உயரத்தில் நிறுத்திச் சிறிதளவு மின்னழுத்தம் கொடுப்பர். இடையில் இருப்பது வெறும் வெளியே ஆயினும் இலத்திரன்கள் அதனைக் கடந்துவிடுகின்றன. மதிலின்மேல் ஏறிக் குதிக்காமலும் மதிலை உடைக்காமலும் அதனூடே புகுந்து அப்பால் செல்லும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். இலத்திரனுக்கு அது இயல்பு. இடைவெளி ஓர் அணுவின் அரைப்பங்கு அளவு கூடினாலே மின்னோட்டம் ஏறத்தாழப் பத்திலொன்றாகக் குறைந்துவிடும். எனவே மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு அணுக்களின் மேடுபள்ளங்களை வரைந்துவிடலாம்.

தடவும் ஊசி தள்ளவும் கூடும் அல்லவா? 1989 நவம்பரில், கலிபோர்னியாவின் அல்மடன் ஆய்வுகூடத்தில் டொன் ஐக்லர் அதனைச் செய்து காட்டினார். ஏறத்தாழ மறை 269 பாகை செல்சியசுக்குக் குளிர்விக்கப்பட்ட நிக்கல் பரப்பில் செனன் அணுக்கள் 35ஐ ஒவ்வொன்றாக இழுத்து வைத்துத் தம் நிறுவனத்தின் மூன்றெழுத்துப் பெயரை எழுதினார். எழுத்தொன்றின் உயரம் 5 நனோமீற்றர். அச்செய்தியை 1990 ஏப்பிரலில் வெளியிட்டது இலண்டனிலிருந்து வெளிவரும் 'நேச்சர்' இதழ். நம் ஆய்த எழுத்துக்கு மூன்று அணுக்களே போதும் என்பதையும் இங்கே குறிப்பிடலாம். 'அ' எழுதுவதற்கு எத்தனை வேண்டும் என்பதை மாணவர்கள் கட்டத்தாளில் புள்ளியிட்டு எண்ணிப் பார்க்கட்டும்.

ஆனால் செனனால் எழுதியது மணலில் எழுதிய எழுத்துப் போன்றது. பரப்புச் சற்றுச் சூடேறினால் அணுக்கள் கலைந்துவிடும். நிலைத்திருக்க வேண்டுமாயின், எழுத்தாணி ஓலையைக் கீறிச் செல்வதுபோல அணு பரப்பினுள் பதியவேண்டும். கணினிச் சில்லுகளின் பொருளாகிய சிலிக்கனில் இதனைச் செய்யும் முறை ஒன்று உண்டு. தூய சிலிக்கன் பரப்பை ஐதரசன் அணுக்களால் ஒரேயோர் அடுக்காக மூடுவர். வேண்டிய இடத்தில் மட்டும் சில ஐதரசன் அணுக்களை ஊசியால் பெயர்த்தெடுப்பர். பின்னர் வாயுவொன்றைச் செலுத்தினால், திறந்த இடத்தில் மட்டும் அது ஒட்டிக்கொள்ளும். அதிலுள்ள அணு ஒரு சிலிக்கன் அணுவை வெளியேற்றித் தான் அவ்விடத்தில் அமரும். மேலே மீண்டும் சிலிக்கனை வளர்த்து மூடிவிடுவர். இவ்வழியில் ஒரேயொரு பொசுபரசு அணுவைக் கொண்ட திரான்சிஸ்டரை 2012இல் உருவாக்கிய சிட்னிக் குழுவின் தலைவர் மிஷெல் சிமன்ஸ், இலண்டனிலேயே பிறந்தவர். பௌதிகத்தை மருத்துவப் படிப்புக்கு ஒரு வாசற்படியாக மட்டுமே கருதும் வழக்கம் நம்மிடையே உண்டாகையால் இதனை எடுத்துச் சொல்கின்றோம்.

சிலிக்கனின் வெளியோட்டில் இலத்திரன்கள் நான்கு, பொசுபரசிலோ ஐந்து. அந்த மிகையான ஓர் இலத்திரனின் சுழற்சியிலே தகவலைப் பதித்துவைத்து, குவாண்டம் கணினி அமைக்கலாம் என்பதே இம்முயற்சியின் நோக்கம். இடர்ப்பாடு யாதெனில், பொசுபரசு அணு சொன்ன இடத்தில் அமர்வது ஏறத்தாழ 70 விழுக்காடு முயற்சிகளில்தான். பொசுபரசுக்குப் பதிலாக ஆசனிக்கைப் பயன்படுத்தி 97 விழுக்காட்டை எட்டியதாக இலண்டன் நிலையத்தைச் சேர்ந்த யூனிவர்சிற்றி கொலிஜ் ஆய்வாளர் 2024இல் அறிவித்தனர். ஆசனிக்கு கொடிய நஞ்சாயினும் அதற்கும் வெளியிலத்திரன்கள் ஐந்தே.

இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம், கணக்கிட்டுப் பார்ப்போம். பத்து அணுக்களும் தவறாமல் அமையவேண்டுமாயின், 0.7ஐப் பத்துமுறை பெருக்கவேண்டும்: நூறு முயற்சிகளில் மூன்றே தேறும். 0.97ஐ அவ்வாறே பெருக்கினால் எழுபத்துநான்கு தேறும். நூறு அணுக்கள் என்றால் முதல் வழி முற்றாகக் கைவிடப்பட வேண்டியதே. இரண்டாவது வழியிலும் நூறில் ஐந்துக்குக் குறைவாகவே தேறும்.

இலண்டன் ஆய்வாளர் இதுவரை காட்டியிருப்பது இரண்டுக்கு இரண்டாக அமைந்த நான்கு ஆசனிக்கு அணுக்களின் சதுரம். பயனுள்ள கணினிக்கோ இலட்சக்கணக்கில் வேண்டும். ஊசி ஒன்று; அது ஒரு வேளையில் ஓரிடத்தில்தான் வேலை செய்யும். அவ்வேகத்தை எவ்வாறு கூட்டுவது என்பதே இப்போது அவர்கள் முன்னுள்ள வேலை.