சீலும் கொடியும் விற்ற பருவம்

நம் சங்கத்துக் குடும்பங்களுள் சித்தூர்ச் சீமையிலிருந்து வந்தோரின் தொகை சிறிதே. எனினும், கூட்டம் முடிந்து காப்பி அருந்தும் வேளையில் பேச்சு தொடக்கப் பள்ளிக் காலத்தின் பக்கம் திரும்பினால், எங்கள் ஊரார் ஒரு செய்தியைத் தவறாமற் சொல்வர்: பள்ளியிற் படித்த நாள்களினும் தெருவில் வசூலுக்குச் சென்ற நாள்களே மிகுதி என்பது அது. இது மிகைக் கூற்றே. ஆயினும் முற்றும் பொய்யன்று. 1962 ஜூன் முதல் 1967 ஏப்ரல் வரை, முதலிற் சித்தூரிலும், தந்தையாருக்கு மாற்றல் ஆனபின் திருப்பதியிலுமாக ஐந்து வகுப்புகளைக் கடந்த எங்களுக்கு, வாய்பாடும் வசூலும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் மனப்பாடமாயின. சில்லறையை எண்ணாத பிள்ளைக்குக் கூட்டல் கணக்கு அவ்வளவு விரைவில் வந்திராது.

எங்கள் பள்ளி இருமொழிப் பள்ளி. தமிழ்ப் பிரிவும் தெலுங்குப் பிரிவும் ஒரே கூரையின்கீழ், நடுவே மூங்கில் தட்டியொன்று தடுக்க, ஒன்றன் பாட்டை மற்றொன்று கேட்டபடி நடந்தன. 1911-ஆம் ஆண்டில் உருவாகிய சித்தூர் மாவட்டம், 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிரியும் வரையில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. எல்லை மாறியதே தவிர, வீட்டுமொழி மாறிவிடவில்லை. ஆகையால் ஆசிரியரை நாங்கள் ‘சார்’ என்போம். தட்டிக்கு அப்பாலுள்ள பிள்ளைகள் ‘அய்யவாரு’ என்பர். பலகையில் எழுதும் குச்சியை மட்டும் இரு சாராருமே ‘பலப்பம்’ என்றோம். ஒரு பலப்பத்தை இரண்டாக ஒடித்துத் தட்டியின் இடுக்கு வழியே கொடுப்பதும் வாங்குவதும் அன்றாட வாணிகம்.

வசூற் காலம் செப்டம்பரில் தொடங்கும். அம்மாதம் 5-ஆம் நாள் ஆசிரியர் தினம். டாக்டர் ராதாகிருஷ்ணன் 1962 மே மாதத்திற் குடியரசுத் தலைவராகி, 1967 மே வரை அப்பதவியில் இருந்தார். அதாவது, எங்கள் ஐந்து வகுப்புகளும் அவருடைய ஐந்தாண்டுகளும் ஒன்றே. அவர் பிறந்தநாள் ஆசிரியர் தினமாக முதன்முதற் கொண்டாடப்பெற்றதும் நாங்கள் ஒன்றாம் வகுப்பிற் சேர்ந்த 1962-ஆம் ஆண்டில்தான். அவரை எங்கள் மாவட்டத்தார் தம்மவர் என்றே பேசுவர். அவர் பிறந்த திருத்தணி, சித்தூர் மாவட்டம் ஏற்பட்ட நாள்தொட்டு அதனுள் அடங்கியிருந்து, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆனால் 1896 முதல் 1900 வரை அவர் படித்தது திருப்பதியிலிருந்த லூத்தரன் மிஷன் பள்ளியில். அதன் பிறகே வேலூர் சென்றார். ‘திருத்தணியை அவர்கள் கொண்டுபோகட்டும், பள்ளிக்கூடம் நம்முடையது’ என்று திருப்பதியில் எங்கள் தலைமையாசிரியர் சொல்லுவார். அந்தச் சொல்லில் இருந்த பெருமிதத்தின் காரணம் அன்று எங்களுக்கு விளங்கவில்லை. ஊரை விட்டு ஊர் வந்து வாழ்வோர்க்கு எளிதில் விளங்கும்.

அந்நாளிற் சிறு தாட்கொடிகளை எங்களிடம் கொடுத்து விற்று வரச் சொல்வர். அத்தொகை, அதே 1962-இல் நிறுவப்பெற்ற ஆசிரியர் நலத் தேசிய நிதிக்கு உரியது. நலிவுற்ற ஆசிரியர்க்கும் அவர்தம் குடும்பத்திற்கும் உதவுவது அந்நிதியின் நோக்கம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. விற்காமல் மீந்த கொடிகளைத் திருப்பியனுப்ப எங்கள் ஆசிரியருக்கு மனம் வாராது. தம் சட்டைப்பையிலிருந்து காசெடுத்துத் தாமே வாங்கிக்கொள்வார். மாதக் கடைசியில் மளிகைக் கடையிற் கடன் சொல்லும் ஒருவர், நலிவுற்ற ஆசிரியர்களுக்காக நன்கொடை தந்தார் என்பதை இன்று எண்ணினால் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

அக்டோபர் பிறந்ததும் டி.பி. சீல் வந்துவிடும். காந்தியடிகள் பிறந்தநாளில் தொடங்கிக் குடியரசு நாளோடு முடியும் இந்த இயக்கத்தை இந்தியக் காசநோய்ச் சங்கம் 1950-இல் ஆரம்பித்தது. அஞ்சல் தலையைப் போன்றே இருக்கும். இரட்டைக் குறுக்குக் கோடிட்ட சிவப்புச் சிலுவை அதன் அடையாளம். ஆனால் அதை ஒட்டினால் கடிதம் போகாது. அஞ்சல் தலையும் தனியே ஒட்டவேண்டும். இதை வீடுதோறும் விளக்குவதற்குள் எங்களுக்கு நாவறண்டுவிடும். ‘ஸ்டாம்பு மாதிரி, ஆனால் ஸ்டாம்பு இல்லை என்றால், பின் என்னத்துக்கு?’ என்று கேட்காத பாட்டிமார் இல்லை.

இதன் மூலம் டென்மார்க்கு நாட்டைச் சேர்ந்தது. அங்கே ஐனார் ஹோல்பெல் என்னும் அஞ்சலக ஊழியர், கிறிஸ்துமஸ் நாளில் மலைபோற் குவியும் வாழ்த்துக் கடிதங்களைக் கண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு காசு சேர்ந்தால் நோயுற்ற குழந்தைகளுக்கு உதவுமே என்று கருதினார். 1904-இல் முதற் சீல் வெளியாயிற்று. எங்களை வியப்பில் ஆழ்த்துவது இதன் மற்றொரு முனை. எங்கள் மாவட்டத்திலேயே, மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில், பல கிறிஸ்தவ மிஷன்கள் கூடி நடத்திய காசநோய் மருத்துவ நிலையம் இருந்தது. அதன் முதல் தலைமை மருத்துவராகிய கிறிஸ்டியன் ஃப்ரிமோட் மோலர் அதே டென்மார்க்கு நாட்டவர். 1948 ஆகஸ்டில் இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசி முதன்முதலிற் போடப்பெற்றதும் மதனப்பள்ளியில்தான். இவற்றுள் ஒன்றையேனும் எங்களுக்கு எவரும் அன்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாட்டிமாருக்கு விடை கூறுவது எளிதாயிருந்திருக்கும்.

சொல்லாமைக்குக் காரணம் இல்லாமலில்லை. சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் மீட்டர்கேஜ் வண்டி பாகாலாவில் நெடுநேரம் நிற்கும். அங்கிருந்து தர்மாவரத்துக்குப் பிரியும் பாதையில் இருக்கிறது மதனப்பள்ளி ரோடு நிலையம். வயிறு நிறைய உண்டாலும் உடல் தேறாத ஒருவர், கையில் ஒரு டிரங்குப் பெட்டியோடு பாகாலாவில் வண்டி மாறினார் என்றால், பார்த்தவர் மேலே ஒன்றும் வினவமாட்டார்கள். ‘அவர் மதனப்பள்ளிக்குப் போயிருக்கிறார்’ என்ற மூன்று சொற்கள் போதும், குரல் தாழ்ந்துவிடும். அவ்வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவது கடினமாகும். அண்டை வீட்டார் தண்ணீர் கேட்டு வருவதும் நின்றுபோகும்.

அத்தகைய வீடொன்று சித்தூரில் எங்கள் தெருவின் கோடியில் இருந்தது. மூன்றாம் வகுப்பில் நாங்கள் மூவர் சீல் தாளோடு அவ்வீட்டுக் கதவைத் தட்டினோம். வீட்டு அம்மையார் தாளைப் பார்த்தார். சிவப்புச் சிலுவையையும் பார்த்தார். உள்ளே சென்று, அஞ்சறைப் பெட்டியிலிருந்து எடுத்தாரோ என்னவோ, மஞ்சள் மணக்கும் சில்லறையைக் கொண்டுவந்து தாள் முழுவதற்குமாக எண்ணிக் கொடுத்தார். ‘காசு இந்தாங்க கண்ணுங்களா. அந்தக் காகிதம் மட்டும் இங்கே வேண்டாம், எடுத்துக்கிட்டுப் போயிடுங்க’ என்று கூறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

எங்களுக்குக் கால் தரையிற் பாவவில்லை. காசும் கைக்கு வந்தது. சரக்கும் கையில் இருந்தது. அதே தாளை அடுத்த தெருவில் விற்றால் வகுப்பிலேயே முதலிடம் எங்களுக்குத்தான். மூவரில் ஒருவன் மாத்திரம் தயங்கவே, ஆசிரியரிடம் கொண்டுபோனோம். எந்த வீடு என்று அவர் கேட்டார், சொன்னோம். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, ‘விற்ற சரக்கை மறுபடி விற்றால் அதற்குப் பெயர் வேறு’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் பசைக் கிண்ணத்தை எடுத்து, வருகைப் பதிவேட்டின் அட்டையில் அத்தனை சீல்களையும் வரிசையாக ஒட்டினார். ஆண்டு முழுவதும் அந்தச் சிவப்பு அட்டையைத் திறந்துதான் எங்கள் பெயர்களை அழைத்தார். அந்த அம்மையார் ஏன் காகிதத்தை வேண்டாம் என்றார் என்பது எங்களுக்குப் புரியச் சில ஆண்டுகள் ஆயின. உறையின்மேல் ஒட்டிய சீல், அவ்வீட்டைப் பொறுத்தவரையில், ஊருக்கு அடித்த தண்டோராவன்றோ!

வாசல்தோறும் மொழி மாறும். தமிழர் வீட்டில் ‘நன்கொடை’ என்றால் பெரிய தொகை என்று அஞ்சுவர். ‘வசூல்’ என்றால் வரி என்று எண்ணுவர். தெலுங்கர் வீட்டில் ‘சந்தா’ என்று ஒரு சொல் போதும். தமிழில் அச்சொல் பத்திரிகைக்குக் கட்டும் பணத்தையே குறிக்கும் என்று நாங்கள் அறிந்தது பின்னாளில். இவ்விதழின் ஆண்டுச் சந்தாவை இன்னும் செலுத்தாத அன்பர்கள் இதனை இருபொருளிலும் கொள்ளலாம்!

சித்தூரில் வெல்ல மண்டிகள் மிகுதி. மண்டிக்காரர்கள் கணக்கிற் கடுமையானவர்கள், பிள்ளைகளிடம் அப்படியில்லை. காசுக்கு மேல் உடைந்த வெல்லக் கட்டியும் கிடைக்கும். அதனால் மண்டித் தெரு யாருக்கு என்பதில் வகுப்புகளுக்குள் ஆண்டுதோறும் பூசல் நிகழும்.

திருப்பதி நிலை வேறு. உலகமே பணத்தோடு வந்திறங்கும் ஊர் அது. கோவிந்தராசர் கோயில் முன்பும் ரயிலடியிலும் நின்றால், ஒரு நாழிகையிற் கொடிகள் அத்தனையும் தீர்ந்துவிடும் என்று புதிதாகச் சேர்ந்த நாங்கள் எண்ணினோம். தலைமையாசிரியர் முதல் நாளே தடுத்துவிட்டார்: யாத்திரிகரிடம் கை நீட்டலாகாது. வேண்டுதற் காசை மஞ்சட் துணியில் முடிந்து வைத்து மலையேறும் வழக்கத்தை நேயர்கள் அறிவர். நாம் முடிப்பு என்பதைத் தெலுங்கர் முடுப்பு என்பர். பிள்ளை முகத்தைப் பார்த்து இரங்கி அம்முடிச்சை எவரேனும் அவிழ்த்துவிட்டால் அந்தப் பாவத்தை யார் சுமப்பது என்பது அவருடைய கேள்வி. கைக்காசையும் முடிப்புக் காசையும் யாத்திரிகரே பிரித்தறிய மாட்டாரா என்று நாங்கள் முணுமுணுத்தோம். இன்றும் அந்தத் தடை சற்று மிகையென்றே தோன்றுகிறது. ஆயினும், பல இலட்சம் காசுகள் விழும் உண்டியலின் நிழலில், ஊரார் வீடுகளில் மட்டுமே படியேறிப் பெற்ற சில ரூபாய்க்கு எங்கள் பள்ளியில் இருந்த மதிப்பு தனி.

டிசம்பர் 7 கொடிநாள். முப்படைகளைக் குறிக்கும் சிவப்பு, கருநீலம், இளநீலம் ஆகிய நிறங்களையுடைய தாட்கொடியைக் குண்டூசியால் சட்டையிற் குத்திவிட வேண்டும். 1949-இல் தொடங்கிய இந்நாள், 1962-இல் சீனப் போர் மூண்டு சில வாரங்களே ஆன நிலையில் வந்தபோது, விற்பதற்கு எங்கள் முயற்சியே தேவைப்படவில்லை. அவ்வாண்டு தேசியப் பாதுகாப்பு நிதிக்கு வளையலைக் கழற்றிக் கொடுத்த தாய்மாரைக் கண்ட கண்களுக்கு, எங்கள் கைக் காசு காசாகவே தோன்றவில்லை.

ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். தலைக்கு இத்தனை விற்றே தீரவேண்டும் என்னும் கட்டளை பல பள்ளிகளில் இருந்தது, அது கொடிது. வக்கீல் வீட்டுப் பிள்ளையின் தாள் முழுவதையும் அவன் தந்தையே ஒரு கையெழுத்தோடு வாங்கிக்கொள்வார். செங்கற் சூளையில் வேலை செய்வோர் மகன், விற்காத தாளைப் புத்தகத்துள் ஒளித்துவைத்து இரண்டு நாள் பள்ளிக்கே வாராதிருந்ததை நாங்கள் கண்டோம். அவனை ஆசிரியர் வீடு தேடிப் போய் அழைத்துவந்தார் என்பதே ஆறுதல். வாசலில் நின்று கேட்பதும், இல்லையென்ற சொல்லை முகம் சுளிக்காமல் ஏற்பதும், பெற்ற ஒவ்வொரு காசுக்கும் மாலையிற் கணக்கு ஒப்புவிப்பதும் எங்களுக்கு நன்மையே செய்தன. அளவு குறித்த கட்டாயம் எந்நன்மையும் செய்யவில்லை. இக்காலத்தில் இங்கே நம் பிள்ளைகள் பள்ளி நிதிக்கென்று கொண்டுவரும் பட்டியல்களைப் பெற்றோர் தம் கைப்பேசியிலேயே முடித்துவிடுகின்றனர். தொகை சேர்கிறது; பிள்ளை மட்டும் எந்த வாசலையும் மிதிக்கவில்லை.

நாங்கள் சீல் விற்றுத் திரிந்த காலத்திலேயே நோயின் போக்கும் மாறிக்கொண்டிருந்தது. சென்னையில் 1956-இல் தொடங்கிய ஆய்வு நிலையம், மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் வீட்டில் இருந்தபடியே காசநோயைத் தீர்க்கலாம் என்று 1959-இல் உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டிற்று. டிரங்குப் பெட்டியோடு மாதக்கணக்கில் ஊர்விட்டுச் செல்லவேண்டிய தேவை படிப்படியாகக் குறைந்தது. ஆரோக்கியவரம் இன்று எல்லா நோய்க்கும் மருத்துவம் செய்யும் நிலையமாய் விளங்குகிறது. 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது சித்தூர் ஒன்றாகவும், திருப்பதி ஒன்றாகவும், மதனப்பள்ளி பிறிதொன்றின் பகுதியாகவும் ஆயின. நாங்கள் படித்த காலத்தில் மூன்றும் ஒரே வரைபடத்தில் இருந்தன என்றால் எங்கள் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை.

கோடி வீட்டு அம்மையாரின் கணவர் மறு கோடையில் திரும்பி வந்தார். சற்றுச் சதைப்பிடிப்போடும் இருந்தார். அவர் திண்ணையில் அமர்ந்து செய்தித்தாள் படிக்கத் தொடங்கியபோது, முதல் சில நாள் தெருவார் எதிர்ச் சாரியில்தான் நடந்தனர். எங்கள் ஆசிரியர் மட்டும் அத்திண்ணையில் அவரருகே அமர்ந்து, பாதித் தாளைத் தாம் வாங்கிப் படித்துவிட்டே பள்ளிக்கு வருவார்.

பழைய சீல் ஒட்டிய கடிதமோ உறையோ எந்த அன்பர் வீட்டுப் பெட்டியிலேனும் இருப்பின், அடுத்த கூட்டத்திற்கு எடுத்துவர வேண்டுகிறோம். பிள்ளைகள் அந்தச் சிவப்புச் சிலுவையைப் பார்க்கட்டும். ‘ஸ்டாம்பு இல்லையென்றால் பின் என்னத்துக்கு?’ என்று அவர்களும் கேட்கட்டும்.