ஓடும் நீரும் நிற்கும் காலும்

2004 திசம்பர் 26 இல் ஆழிப்பேரலை கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது ஆகிய கரையூர்களுட் புகுந்தது. கடலிற் பழகிய வலியோரும் அப்பெருக்கில் நிலைகொள்ள இயலாமற் போனது எதனால்? மாணவர் ஈண்டு இரு விசைகளைப் பிரித்து நோக்கல் வேண்டும்.

முதலாவது, தள்ளும் விசை. செக்கனுக்கு 5 மீற்றர் வீசும் காற்று நமக்கு இனிய இளங்காற்றே. நீரின் அடர்த்தியோ காற்றினதைப்போல் ஏறத்தாழ 800 மடங்கு. ஆதலின் அதே வேகத்தில் ஓடும் நீர், எதிர்நிற்கும் சுவரின் ஒவ்வொரு சதுர மீற்றரையும் ஏறத்தாழ 12,500 நியூற்றன் விசையால் தள்ளும். அஃது ஒன்றேகால் தொன் நிறைக்கு ஒப்பாகும். வேகம் இரட்டித்தால் விசை நான்மடங்காகும்.

ஆயினும் இது பாதி விடையே. பலரும் எண்ணாதது மற்றைப் பாதி. நிலத்தில் நம்மை வழுக்காது நிறுத்துவது பாதத்தின் உராய்வு. அவ்வுராய்வோ பாதம் நிலத்தை அழுத்தும் அளவிற்கேற்பவே அமையும். நெஞ்சளவு நீரில் உடல்நிறையின் பெரும்பகுதியை மேலுதைப்பே தாங்கிக்கொள்கின்றது. பாதம் மணலை மெல்லத் தொடுகின்றது, அவ்வளவே. போதாக்குறைக்கு ஓடும் நீர் அம்மணலையும் அரித்துச் செல்லும். தள்ளும் விசை பெருகும் வேளையிலேயே தடுக்கும் விசை குன்றுகின்றது.

இலங்கைக் கரையிற் சிலர் தென்னையைத் தழுவி உயிர்தப்பினர். காலின் உராய்வு கைவிட்டவிடத்து, வேரூன்றிய மரமே அவரை நிலத்தோடு பிணித்தது.