இன்சுலின் கிடைக்கிறது, ஸ்ட்ரிப்புக்கு எங்கே போவது?

பிள்ளைக்கு டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்த சில வாரங்களிலேயே பெற்றோர் இன்சுலின் பம்ப் பற்றிக் கேள்விப்பட்டுவிடுகிறார்கள். நாளுக்கு நான்கு ஊசி குத்தும் கை, வேறு வழி இருக்கிறதா என்று தேடத்தான் செய்யும். விலை சில லட்சம் ரூபாய் என்றதும் அடுத்த கேள்வி: அரசாங்கம் தருமா? தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு இதற்கான பதில், வீட்டில் யார் என்ன வேலை பார்க்கிறார்கள், கையில் எந்த அட்டை இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

முதலில் பம்பைப் புரிந்துகொள்ளுங்கள். இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சிறு கருவி அது. தோலுக்கடியில் செருகிய மெல்லிய குழாய் வழியே இரவும் பகலும் சொட்டுச்சொட்டாக இன்சுலினை உள்ளே அனுப்பும். அந்தக் குழாயை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். பம்பில் ஓடுவது விரைவாக வேலை செய்து விரைவாகத் தீர்ந்துபோகும் இன்சுலின் மட்டுமே. குழாய் அடைத்துக்கொண்டாலோ, மாற்றக் குழாய் இல்லாமல் போனாலோ, சில மணி நேரத்தில் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறத் தொடங்கிவிடும். அது உயிருக்கு ஆபத்து. பம்பை யாராவது நன்கொடையாகத் தந்தாலும், மாதாமாதம் குழாய்க்குப் பணம் இல்லையென்றால் அது பீரோவுக்குள் போய்விடும். அதனால் விண்ணப்பம் போடும்போதே கருவியோடு சேர்த்து மாதச் சாமான்களையும் கேளுங்கள்.

அட்டைக்கு வருவோம். மத்திய அரசு ஊழியர், ஓய்வூதியர் குடும்பங்களுக்கு சி.ஜி.எச்.எஸ். திட்டத்தில் பம்புக்கென்றே விதிமுறை இருக்கிறது. வாங்கிவிட்டுப் பில்லை நீட்டாதீர்கள். முன் அனுமதி வேண்டும். நாளமில்லாச் சுரப்பி நிபுணரின் பரிந்துரைக் கடிதம், கடந்த மாதங்களின் ஹெச்பிஏ1சி அறிக்கைகள், நாளுக்குப் பலமுறை ஊசி போட்டும் சர்க்கரை அடங்கவில்லை என்பதற்கான பதிவு, சர்க்கரை தாழ்ந்து மயங்கிய சம்பவங்கள் இருந்தால் அவற்றின் குறிப்பு எல்லாம் கோப்பில் இருக்கட்டும். ரயில்வேக்காரர்களும், விமானப்படையிலும் ராணுவத்திலும் இருந்து ஓய்வு பெற்றவர்களும் தங்கள் துறையின் மருத்துவத் திட்டத்தில் இதே காகிதங்களோடு கேட்கலாம். தாம்பரத்தில் இப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய.

மெப்ஸ் வளாகத்திலும் சுற்றியுள்ள கம்பெனிகளிலும் வேலை செய்பவர்கள் பலர் தங்கள் இ.எஸ்.ஐ. அட்டையை மறந்தே போகிறார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் அதில் 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். அது உங்கள் பணம். புறநோயாளியாகப் போய் வாங்கும் மருந்துகளும் அதில் அடக்கம். பிள்ளைக்கும், உங்களை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் சேர்த்துத்தான். இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் தொடங்கி, நிபுணரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குச் சீட்டு வாங்குங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள்தான் அதிகம் ஏமாந்து திரும்புகிறார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை என்றதும், அதில் சர்க்கரை அளவு பார்க்கும் ஸ்ட்ரிப்பும் சென்சாரும் வாங்கலாம் என்று நினைத்துவிடுகிறோம். அது பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கான திட்டம். மாதச் சாமான் செலவுக்கு அது உதவாது; ஆனால் அவசரமாகப் பிள்ளையைச் சேர்க்க நேர்ந்தால் கைகொடுக்கும் என்பதால் அட்டையைக் காலாவதியாக விடாதீர்கள். மாற்றுத்திறனாளி உதவித்தொகையும் இந்த நோய்க்குப் பொருந்தாது: 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் டைப் 1 இல்லை.

எந்த அட்டையும் இல்லாதவருக்கும் இன்சுலின் உண்டு. அரசு மருத்துவமனையில் ஓபி சீட்டு போட்டால் காசில்லாமல் தருவார்கள். பக்கத்தில் குரோம்பேட்டை அரசு மருத்துவமனை, தெற்கே செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மின்சார ரயில் ஏறினால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் நீரிழிவுத் துறை. ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் 1948-இலேயே சர்க்கரை நோய்க்கெனத் தனிப் பிரிவு தொடங்கிய ஊர் இது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், மாத்திரை சாப்பிடும் பெரியவர்களின் வீட்டு வாசலுக்கே வருகிறது. ஊசி போடும் பிள்ளைக்கோ நிபுணரின் கண்காணிப்பு தேவை; பெரிய மருத்துவமனையில் பதிந்துவைப்பதே நல்லது.

ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்துப் பழகுங்கள். அரசு மருத்துவமனையில் பெரும்பாலும் தரும் இன்சுலின் குப்பியின் மேல் 40 என்று இருக்கும்: ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்கு சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனாவில் போடும் மருந்து 100. அந்த அளவுக்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. 100 மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். பிள்ளை மயங்கி விழ அது போதும். மாற்றி இழுத்தால், 10 போட்டதாக நினைப்பீர்கள், போயிருப்பது 4. ஒவ்வொரு முறையும் குப்பியையும் மூடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் வெள்ளமும் நினைவிருக்கும். மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு மாத மருந்து கூடுதலாகக் கேட்டு வாங்கி வையுங்கள். திறந்த குப்பி, வெயில் படாத இடத்தில் நான்கு வாரம் தாங்கும். திறக்காததை, கரண்ட் இல்லாதபோது ஈரத் துணி சுற்றிய மண்பானைக்குள் வைக்கலாம். ஐஸ் கட்டி நேராகப் படக் கூடாது, உறைந்தால் மருந்து வீண்.

இனி ஸ்ட்ரிப். என் பார்வையில் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. நாளுக்கு நான்கு முறை பார்த்தால் மாதம் 120. ஒன்று 20 ரூபாய் என்று வைத்தாலும் 2,400 ரூபாய். இன்சுலின் இலவசமாகக் கிடைத்தும், அளவு பார்க்கக் காசில்லாமல் குத்துமதிப்பாக ஊசி போடும் வீடுகள் இருக்கின்றன. 2025 செப்டம்பரில் குளுக்கோமீட்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய விலையில் விற்கிறார்களா என்று பில்லைப் பாருங்கள். மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டிலும் விலை விசாரியுங்கள். மலிவான மீட்டரை வாங்கிவிட்டு விலை கூடிய ஸ்ட்ரிப்பில் மாட்டிக்கொள்ளாமல், ஸ்ட்ரிப்பின் விலை கேட்டுவிட்டு மீட்டரைத் தேர்ந்தெடுங்கள்.

பக்கத்துக் கேரளத்தில் 'மிட்டாயி' என்ற அரசுத் திட்டம் டைப் 1 பிள்ளைகளுக்கு இன்சுலின், பேனா, ஸ்ட்ரிப், பம்ப் வரை ஒரே குடையின்கீழ் கொண்டுவந்திருக்கிறது. நம்மால் முடியாத காரியம் இல்லை. கேட்கும் குரல் எண்ணிக்கையில் சேர வேண்டும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் நகராதீர்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி, நேரம், சர்க்கரை அளவு, போட்ட யூனிட் என்று மூன்று மாதம் எழுதி, அதன் நகலை மனுவோடு இணையுங்கள். மனுவில் பம்ப் வேண்டும் என்பதோடு நிறுத்தாமல், என் பிள்ளைக்கு மாதம் 120 ஸ்ட்ரிப் வேண்டும் என்று எண்ணோடு எழுதுங்கள்.