கரும்பலகைக்கு அப்பால் – 11: எட்டுக் கட்டைகளும் ஒரு சதுரக் காகிதமும்

அச்சிட்ட கோட்டுருவங்களைப் பார்த்து நகலெடுப்பதையே சித்திரக் கல்வியாகக் கொண்டிருந்த லண்டன் சௌத் கென்ஸிங்டன் முறையைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மறந்தவர்களுக்காக விரித்துரைக்க இங்கே இடமில்லை. இந்த வாரம் வியன்னாவின் சித்திர ஆசிரியர் பிரான்ஸ் சிஷெக்கை அழைத்து வருவதாகச் சொல்லியிருந்தேன். அவரை நோக்கிப் போகும் வழியில் ஜெர்மானியரான பிரெடரிக் ஃபிரோபெல் ஒரு சிறு மரப்பெட்டியோடு எதிர்ப்பட்டுவிட்டார். அவரை விலக்கிவிட்டு மேலே நடக்க மனம் ஒப்பவில்லை.

1837இல் பிளாங்கன்பர்க்கில் பாலர்களுக்கென அவர் தொடங்கிய ஸ்தாபனம்தான் பின்னர் கிண்டர்கார்ட்டன் என்று உலகெங்கும் பிரசித்தி பெற்றது என்பது எல்லாரும் அறிந்த கதை. அதற்கு வெகுகாலம் முன்னதாக, 1814இல், பெர்லினில் வைஸ் என்னும் பேராசிரியரிடம் கனிமக் காட்சிசாலையில் உதவியாளராக அமர்ந்து, ஸ்படிகங்களை வகை பிரித்து அடுக்கிவைத்தவர் அவர் என்பதைத்தான் அவ்வளவாக யாரும் நினைப்பதில்லை. ஸ்படிகத்தின் முகங்களையும் அச்சுகளையும் பார்த்துப் பழகிய அந்தக் கண்களே பிற்காலத்தில் குழந்தைகளின் விளையாட்டுச் சாதனங்களை வகுத்தன என்பது என் துணிபு.

அந்தச் சாதனங்களுக்குக் 'கொடைகள்' என்று பெயர். மூன்றாவது கொடை இரண்டு அங்குலக் கன சதுரம். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பாதியாக அறுபட்டு, ஓரங்குலக் கட்டைகள் எட்டாகப் பிரிவது. பெட்டியை மேசைமேல் கவிழ்த்து, நகரும் மூடியை அடியிலிருந்து மெல்ல உருவி, பிறகு பெட்டியைத் தூக்கினால், ஒரு கட்டையும் சிதறாமல் கன சதுரம் முழு வஸ்துவாகக் குழந்தையின் முன் நிற்கும். பகுதிகளைப் பிரிக்குமுன் முழுமையைக் கண்டுவிட வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். அதன்பின் நாற்காலி, படிக்கட்டு, வாசல் என்று எதை வேண்டுமானாலும் கட்டலாம். ஆனால் எட்டில் ஒன்றும் மிச்சமாகக் கூடாது. கட்டியதை இடித்துக் குவித்துவிட்டு வேறொன்றைத் தொடங்கவும் கூடாது. இருப்பதை நகர்த்தி நகர்த்தியே புதியதற்குப் போய்ச் சேர வேண்டும். நடுவில் நான்கு கட்டைகளை ஒன்றுசேர்த்து, நாற்புறமும் ஒவ்வொன்றாக மற்ற நான்கை வைத்து, அந்த நான்கையும் ஒருசேர அரையங்குலம் வலப்புறம் தள்ளினால் கோலம் மாறிவிடுகிறது. ஒரு பக்கத்தில் செய்த மாற்றத்திற்கு மற்ற மூன்று பக்கங்களும் பதில் சொல்லியாக வேண்டும் என்பதை நான்கு வயதுக் குழந்தைக்கு இதைவிடத் தெளிவாக எந்த உபாத்தியாயரும் உபந்யாசத்தால் உணர்த்திவிட முடியாது.

குரு மறைந்தபின் சிஷ்யர்கள் பலர் இதைக் கட்டளைக்குக் கட்டை நகர்த்தும் கவாத்தாக்கிவிட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் 1876இல் பிலடெல்பியா கண்காட்சியில் இந்தக் கொடைகளைக் கண்ட தாய் ஒருத்தி தன் மகனுக்கு அவற்றை வாங்கிக் கொடுத்தாள். கட்டடக் கலையில் பெரும் புகழ் ஈட்டிய பிராங்க் லாயிட் ரைட்டே அந்த மகன். அந்த மேப்பிள் மரக் கட்டைகள் தம் விரல்களை விட்டு அகலவேயில்லை என்று பிற்காலத்தில் தம் சுயசரிதையில் எழுதினார் அவர்.

இவையெல்லாம் இருக்கட்டும். இந்த வாரம் என் உறக்கத்தைக் கெடுத்தது எட்டாவது கொடை: மடிப்பதற்கென்று இருநூறு வண்ணச் சதுரக் காகிதங்கள். கத்திக்கப்பல் மடித்து மழைநீரில் விட்ட நமக்கு அதில் என்ன புதுமை என்று கேட்கலாம். அந்த எட்டாவது கொடையே தமக்கு எண்ணத்தைத் தந்தது என்று முன்னுரையில் எழுதிவிட்டு, காகித மடிப்பாலேயே க்ஷேத்திர கணிதத்தை நடத்திக்காட்டும் ஆங்கில நூலொன்றை 1893இல் நம் சென்னையில் வெளியிட்டார் டி. சுந்தரராவ். கவராயம் வேண்டாம், ஒரு பேனாக்கத்தியும் சில காகிதத் துண்டுகளும் போதும். ஓரம் கோணிய காகிதத்தை மடித்து, மடிப்பையொட்டி அறுத்தால் நேர்கோடு. அந்த விளிம்பு தன்மேலேயே படியும்படி குறுக்கே மடித்தால் செங்கோணம். அதிலிருந்து சதுரம், சமபக்க முக்கோணம், ஐங்கோணம் என்று ஏறி ஏறிப் பரவளைவுவரை போய்விடுகிறார் மனிதர்! சதுரத்தின் நான்கு மூலைகளையும் மையத்திற்கு மடித்தால் பரப்பு பாதியாகிறது, மீண்டும் மடித்தால் கால், பிறகு அரைக்கால். மடித்ததைப் பிரித்துப் பார்த்தாலோ ஒன்றனுள் ஒன்றாகச் சதுரங்கள் சுழன்று நிற்கும் அழகிய சித்திரம். ஜெர்மனியின் பெரும் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் 1895இல் தம் நூலொன்றில் இந்தப் புத்தகத்தைக் குறிப்பிட, அந்த நூலை மொழிபெயர்த்த பெமன், ஸ்மித் என்னும் அமெரிக்கப் பேராசிரியர்கள் இருவர் சுந்தரராவின் புத்தகத்தைத் தேடிப் பிடித்து 1901இல் சிகாகோவில் பதிப்பிக்கச் செய்தார்கள்.

சென்னையில் பிறந்த இந்தப் புத்தகத்தின் வாசனையே இல்லாமல்தான், காலை முதல் மணியில் கணிதமும் வெள்ளிக்கிழமை கடைசி மணியில் சித்திரமும் ஒன்றையொன்று அறியாத அந்நியர்களாக நம் ஆரம்பப் பள்ளிகளில் நடமாடுகின்றன. ஐந்தாம் வகுப்பு உபாத்தியாயர் ஒருவர் ஒரு தஸ்தா காகிதத்தோடு வகுப்புக்குள் நுழைந்தால் இரண்டு மணிகளையும் ஒன்றாக்கிவிடலாம்.

சிஷெக் இன்னும் வாசலிலேயே நிற்கிறார். தம் அறைக்கு எதிரே இருந்த பலகை வேலியில் தெருப்பிள்ளைகள் வரைந்ததை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த அவர், 1897இல் துணிந்து தொடங்கிய பாலர் வகுப்பிற்குள் அடுத்த வாரம் போவோம். இம்முறை வழியில் யாரையும் சந்திப்பதாக உத்தேசமில்லை.